குளிர்ந்த கொதிகலனில் எரிந்த விளக்கு

கருவிப் பிரிவில் நீங்கள் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் தோளில் கைபோட்டுச் சொல்லியிருப்பார்: "ஸ்கேனர் ட்யூபுக்கு அப்பப்போ பைத்தியம் புடிக்கும், கண்டுக்காத." எனக்கும் சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை என் காதில் விழுந்துகொண்டே இருந்த பேச்சு அது. சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பாதி நேரம் அது உண்மையும்கூட. மீதிப் பாதியைப் பற்றித்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காலடிப்பேட்டை. வேலை பார்த்தது எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய ஓர் ஆலையின் கொதிகலன் பகுதியில். ஆலையின் பெயரை இங்கே எழுதவில்லை. எண்ணெய் எரித்து நீராவி எடுக்கும் கொதிகலன்கள். அடுப்புக்குள் தீ இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது ஸ்கேனரின் வேலை. தீ அணைந்தது தெரியாமல் எண்ணெய் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தால், அடுத்த பொறியில் கொதிகலன் வெடித்துவிடும். அதனால் அடுப்பின் முகப்பில் ஒரு துளை போட்டு, அதில் விரல் நீளக் கண்ணாடி ட்யூப் ஒன்றைக் காவலுக்கு வைத்திருக்கிறோம்.

அந்த ட்யூப் எப்படிப் பார்க்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள், மறந்தும் இருப்பீர்கள். ஒருமுறை புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர், ட்யூப் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பெரிய எல்.இ.டி. விளக்கைக் கொண்டுவந்து அதன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். கண் கூசியது, ட்யூப் அசையவில்லை. "இது செத்துப்போச்சு, தூக்கிப் போடுங்க" என்றார். நான் பக்கத்தில் நின்றவரின் சட்டைப் பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்துப் பற்றவைத்தேன். அந்தத் துளி நெருப்புக்கு ட்யூப் படபடவென்று துடித்தது. அவர் அதன்பிறகு ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆலைக்குள் லைட்டர் கொண்டுவந்ததைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அந்தச் சட்டைப் பைக்காரரும் பேசவில்லை.

விஷயம் இதுதான். ட்யூபுக்குள் ஓர் உலோகத் தகடு. ஒளி அதன்மீது பட்டால் எலக்ட்ரான் வெளியே குதிக்கவேண்டும். ஆனால் எலக்ட்ரான் ஒளியைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்துக்கொள்வதில்லை. ஒளி வருவதே மணி மணியாகத்தான். ஒரு மணியை அது முழுசாக விழுங்கும், அந்த ஒன்றிலேயே தகட்டைச் சுற்றியிருக்கும் மதிலைத் தாண்டும் தெம்பு இருக்கவேண்டும். இல்லையென்றால் எத்தனை ஆயிரம் மணிகள் வந்து மோதினாலும் அது உள்ளேயே கிடக்கும். மதிலை ஒரே எட்டில்தான் தாண்டமுடியும், அரை எட்டுகளைக் கூட்டித் தாண்டமுடியாது. பெரிய விளக்கின் ஒளி எல்லாம் அரை எட்டுகள். லைட்டர் தீயில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி கொஞ்சம் இருக்கிறது. அதன் ஒவ்வொரு மணியும் முழு எட்டு.

இது தெரிந்தால் ஒன்று புரியும். வெயில் பளபளப்பைக் கண்டோ, சூட்டைக் கண்டோ இந்த ட்யூப் மயங்காது. அது துடித்தால், ஒன்று அது கெட்டுவிட்டது, அல்லது மதில் தாண்டும் தெம்புள்ள ஏதோ ஒன்று நிஜமாகவே வந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது வழி கிடையாது.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன்.

வருடாந்திரப் பராமரிப்புக்காக ஒரு கொதிகலனை நிறுத்தியிருந்தார்கள். அது நன்றாகக் குளிர்ந்துவிட்டது. எண்ணெய் வால்வுகள் பூட்டிக் கிடந்தன. உள்வேலை முடிந்து ஆட்கள் வெளியே வந்தாயிற்று. பின்பக்கத்தில் நீராவிக் குழாய் ஒன்றை வெட்டிப் புதிதாக வெல்டிங் போட்டிருந்தார்கள். அதைப் படமெடுத்துச் சரிபார்த்துவிட்டால் மாலையில் கொதிகலனை ஒப்படைத்துவிடலாம். எல்லோருக்கும் அவசரம்.

இந்தக் கொதிகலனுக்கு ஒரு கதை உண்டு. நான் சேர்வதற்கு முன்னால் அதன் உள்ளே கரி சுரண்டப் போன ஒருவர் மூச்சுமுட்டி இறந்துபோனார். அன்றுமுதல் அதன் கதவைத் திறக்கும்போதெல்லாம் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைப்பார்கள். மேலதிகாரிகளும் காணாததுபோல் இருந்துவிடுவார்கள். நான் அதைக் கிண்டல் செய்ததில்லை. இறந்தவரை யாராவது நினைத்துக்கொள்கிறார்களே என்று இருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கொதிகலன் குளிர்ந்திருக்கும் நாட்களில், சாப்பிட்டதும் சிலர் அதன் பின்பக்க மேல்தளத்துக்கு ஏறிப் படுத்துக்கொள்வார்கள். கம்பித் தளத்துக்குக் கீழேயிருந்தும் கழிமுகத்திலிருந்தும் காற்று வரும். மற்ற நாட்களில் கால்வைக்க முடியாமல் கொதிக்கும் இடம் அது. அதில் படுத்துத் தூங்குவதில் ஒரு தனி சுகம் என்பார் ஏழுமலை. நெட்டுக்குப்பத்துக்காரர், என்னோடு பல வருடம் வேலை செய்த ஃபிட்டர். எந்தச் சாமானும் கீழே கிடக்கக்கூடாது அவருக்கு. யார் போட்ட கயிறாக இருந்தாலும் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் நகர்வார்.

நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது கட்டுப்பாட்டு அறையிலிருந்து பாஸ்கர் கூப்பிட்டார். பேனல் ஆபரேட்டர், எதற்கும் பதறாத மனிதர். அன்று அவர் குரல் தணிந்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் வர்றீங்களா? அடுப்புல தீ கீதுன்னு காட்டுது."

"எந்த அடுப்புல?"

"நிறுத்தி வெச்சதுலதான்."

போய்ப் பார்த்தேன். குளிர்ந்து கிடக்கும் கொதிகலனின் பேனலில் தீ விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதுவும் விட்டுவிட்டு இல்லை, நிலையாக. முழு வேகத்தில் எரியும் பர்னரைப் பார்த்தால் எப்படிக் காட்டுமோ அப்படி.

சூப்பர்வைசருக்குத் தகவல் போயிருந்தது. அவர் தொலைபேசியில் என்னிடம் சொன்னார், "ட்யூப் போயிருக்கும்மா. பைபாஸ் பண்ணி வெச்சிடுங்க. தீ இருக்குன்னு காட்டினா சாயங்காலம் ஸ்டார்ட் ஆகாது. நாளைக்கு மாத்திக்கலாம்." பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. பார்க்காமலே நோயைச் சொல்கிறவர்களைக் கண்டால் அது சீக்கிரம் வரும்.

அடுப்பின் முகப்புக்குப் போய்ப் பார்வைத் துளையைத் திறந்தேன். உள்ளே கும்மிருட்டு. ஈரக் கரியின் வாடை. டார்ச் அடித்தால் செங்கல் சுவர், அவ்வளவுதான். அந்த இருட்டைத்தான் ட்யூப் நெருப்பு என்கிறது. உள்ளங்கையால் ட்யூபின் முகத்தை மூடினேன். பாஸ்கர் வாக்கி-டாக்கியில், "எரியுதுக்கா" என்றார். இரும்பு மூடியைப் போட்டுத் திருகினேன். "இன்னும் எரியுது."

சரி, கெட்டுத்தான் போயிருக்கிறது என்று எனக்கும் தோன்றியது. வயதான ட்யூப் எதையும் பார்க்காமலே தானாகத் துடிப்பதுண்டு. ஸ்டோரிலிருந்து பெட்டி பிரிக்காத புது ட்யூப் ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். மூடியையும் போட்டேன்.

வாக்கி-டாக்கியில் பாஸ்கர் மெதுவாகச் சொன்னார், "அக்கா, எரியுது."

பயந்தேன் என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன். பட்டப்பகல், வெளியே வெயில் கொளுத்துகிறது, நான் இரும்பு மூடியால் கண்ணைக் கட்டிவைத்த புது ட்யூப் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது.

பாஸ்கர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எழுந்து என் பக்கத்துக்கே வந்துவிட்டார். கதவோரம் அறுத்துவைத்த எலுமிச்சம்பழம் வாடிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஒன்னுக்குப் பைத்தியம் புடிக்கலாம். ரெண்டுக்கும் ஒரே நேரத்துல புடிக்குமா? உள்ள யாரோ கீறாங்கக்கா."

என்னிடம் பேட்டரியில் ஓடும் சோதனைப் பெட்டி ஒன்று இருந்தது. ட்யூபை அதில் செருகினால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சின்ன விளக்கு மினுங்கும். பழைய ட்யூபை அதில் போட்டு எடுத்துக்கொண்டு ஆலை வாசல்வரை நடந்தேன். விளக்கு தணிந்து தணிந்து, வாசலில் ஏறக்குறைய நின்றேபோனது. எப்போதாவது ஒரு மினுக்கு. அது எங்கும் இருப்பதுதான். ஆக, ட்யூப் கெடவில்லை. பைத்தியம் அதற்குப் பிடிக்கவில்லை.

திரும்பி நடந்தேன். மினுக்கு கூடியது. அடுப்பின் முகப்பில் படபடத்தது. சரி, அடுப்புக்குள்தான் ஏதோ என்று நினைத்துப் பக்கவாட்டில் நகர்ந்தேன். அங்கே இன்னும் வேகமாகத் துடித்தது. அப்படியென்றால் அது அடுப்புக்குள் இல்லை. அடுப்பைத் தாண்டி, அந்தப் பக்கத்திலிருந்து, இரும்பையும் செங்கலையும் ஊடுருவிக்கொண்டு வருகிறது. கையில் இருந்த அந்தப் பெட்டி என்னை இழுத்துக்கொண்டு போனது. இன்னும் நாலு அடி வைத்தால் எங்கே என்று தெரிந்துவிடும் என்ற எண்ணம் இருக்கிறதே, அதைப்போல ஆளைக் கொல்லும் எண்ணம் நம் தொழிலில் வேறில்லை.

பின்னால் வந்த பாஸ்கரிடம் கேட்டேன், "இது எப்பலேந்து எரியுது?"

"சாப்பாட்டு மணி அடிச்ச கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுது. மொதல்ல வந்து வந்து போச்சு. ரெண்டு மூணு வாட்டி. நானும் சத்தத்த அமுக்கி அமுக்கி வுட்டேன். அப்பால வந்தது போவவே இல்ல."

வந்து வந்து போயிற்று. பிறகு வந்தது போகவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

வெல்டிங்கைப் படமெடுப்பது எப்படி என்று பார்த்திருப்பீர்கள். கனமான பெட்டிக்குள் பொட்டளவு கதிரியக்கத் துண்டு ஒன்று அடைபட்டிருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் அது கறுப்புக் குழாய் வழியே ஊர்ந்துபோய் வெல்டிங்குக்குப் பக்கத்தில் நிற்கும். படம் பதிந்ததும் திரும்பச் சுற்றிப் பெட்டிக்குள் இழுத்துவிடுவார்கள். ஆளில்லாத சாப்பாட்டு நேரத்தில்தான் இந்த வேலை நடக்கும். அன்றும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இருவர் யாரும் வராமல் சுற்றிலும் கயிறு கட்டி, படமெடுத்து, கயிற்றை அவிழ்த்துவிட்டு, முடிந்தது என்று சொல்லி, பெட்டியையும் குழாயையும் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். வந்து போனதெல்லாம் அவர்கள் எடுத்த படங்கள். கடைசிமுறை அந்தத் துண்டு பெட்டிக்குத் திரும்பவில்லை. அதன் கதிர் ட்யூபின் தகட்டிலிருந்து எலக்ட்ரானை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. நெருப்பின் ஒளி ஒரு எட்டில் மதில் தாண்டும் என்றேனே, இது மதிலையே உடைத்துக்கொண்டு போகும் சாதி. மூடி, கை, செங்கல் எதுவும் அதற்குப் பொருட்டில்லை.

பாஸ்கரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நானும் பின்வாங்கினேன். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். மேல்தளத்தின் விளிம்பில் ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது. நீலக் காலுறையில் பெருவிரல் ஓட்டை. ஏழுமலை.

கயிற்றை அவிழ்த்ததும் ஏறிப்போய்ப் படுத்திருக்கிறார். கழிமுகக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அவருக்குச் சுடவும் இல்லை, வலிக்கவும் இல்லை, ஒரு வாடையும் இல்லை. ட்யூபில் நடந்தது அவர் உடம்பிலும் நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பாஸ்கர் படிக்கட்டுப் பக்கம் ஓடப்பார்த்தார். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தப் படிக்கட்டு புது வெல்டிங்கை உரசிக்கொண்டுதான் ஏறுகிறது. கத்தி எழுப்பலாமா என்றால், எழுந்ததும் மனிதர் அதே படிக்கட்டில்தான் இறங்குவார். என் மனது முழுக்க ஓடு ஓடு என்றது. அதை உதறிவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன். அவர் காதில் இயர்ஃபோனோடு பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்குகிற ஆள், மணி அடித்தால் காதிலேயே அடிக்கும்.

"இன்னாக்கா," என்றார் தூக்கக் கலக்கத்தில். "இப்பத்தான் கண்ண மூடினேன்."

"ஏழுமலை, நான் சொல்றத மட்டும் செய். காரணம் அப்பறம் சொல்றேன். எழுந்து கடல் பக்கமா நட. படிக்கட்டுக்கு வராத. கோடியில கம்பி ஏணி இருக்குல்ல, அதுல எறங்கு."

"அந்த ஏணியா? வோணாங்கா, செங்குத்தா கீது, எனக்குத் தல சுத்தும். படிக்கட்டு இங்கயே கீது."

"ஏணில எறங்கு."

எழுந்து உட்கார்ந்தார். கால் உள்ளே போய்விட்டது. "பைய எடுத்துகினு வரேன். பொண்ணுக்கு ஷூ வாங்கினது அதுல கீது." பிறகு சாதாரணமாகச் சொன்னார், "இன்னாக்கா இது, இங்க கறுப்பு ஹோஸ் ஒன்னு கெடக்குது. எவனோ வுட்டுட்டுப் போய்ட்டான். சுருட்டி வெச்சுட்டு வரட்டா?"

நான் கத்தியிருந்தால் அவர் கையில் எடுத்துக்கொண்டு, என்னவென்று பார்த்துக்கொண்டே கேட்டிருப்பார். நாள் முழுதும் அவரிடம் ஸ்பேனர் கேட்கும் அதே குரலில் சொன்னேன், "வேணாம், அது என்னுது. பையும் அங்கயே கெடக்கட்டும். நீ மட்டும் வா."

கிடந்த பொருளைக் கிடந்தபடி அவர் விட்டுவந்தது அன்று ஒருநாள்தான் என்று நினைக்கிறேன். ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். கடைசிப் படியில் அவர் கால் தரையைத் தொடும்வரை நான் தொடர்பைத் துண்டிக்கவில்லை.

மற்றவர்கள் சாப்பாடு முடித்துத் திரும்பும் நேரம். ஒலிபெருக்கியில் பின்பக்கம் போகாதீர்கள் என்றால் பாதிப்பேர் ஏன் என்று பார்க்கப் போவார்கள், நம் ஆட்களை எனக்குத் தெரியும். கட்டுப்பாட்டு அறைக்குப் போய் வாயுக் கசிவுச் சங்கை அழுத்தினேன். வாயு எதுவும் கசியவில்லை. ஆனால் அந்தச் சங்குக்கு மட்டும்தான் கேள்வி கேட்காமல் எல்லோரும் வாசலுக்கு ஓடுவார்கள். என் பணிக்காலத்தில் ஒரு கருவியை வேண்டுமென்றே பொய் சொல்லவைத்தது அந்த ஒருமுறைதான்.

சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடிவந்து, யாரைக் கேட்டுச் சங்கு ஊதினீர்கள் என்றார். சொன்னேன். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். படமெடுத்த இருவரும் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. துண்டு உள்ளே வந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்தோம், பூஜ்யம் காட்டியது என்றார்கள். மீட்டரை வாங்கித் திறந்தேன். பேட்டரி செத்திருந்தது. பூஜ்யம்தான் காட்டும், வேறென்ன காட்டும்? அவர்களில் மூத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். நல்ல மனிதர்தான். மௌனமாக இருந்த கருவியை நம்பினார். கத்திய கருவியைப் பாஸ்கர் நம்பவில்லை. இரண்டும் ஒரே தப்புதான்.

அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் ஈயக் கட்டிகளும் நீண்ட இடுக்கிகளுமாக வந்தார்கள். நாங்கள் கட்டுப்பாட்டு அறையில் காத்திருந்தோம். பேனலில் அந்த விளக்கு எரிந்தபடியே இருந்தது. சாயங்கால வெயில் ஜன்னலில் விழுந்தபோது, யாரும் எதையும் தொடாமல், அது அணைந்தது. பாஸ்கர் கையெடுத்துக் கும்பிட்டார். துண்டு பெட்டிக்குள் போய்விட்டது என்று வாக்கி-டாக்கியில் செய்தி வந்தது அதற்குப் பிறகுதான்.

ஏழுமலைக்கு ரத்தத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். தப்பித்தார். சில வாரம் கழித்து இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து, கொப்புளித்து, உரிந்தது. வெயிலில் சுட்டதுபோல் இருந்தது, வெயில் படாத இடத்தில். ஆறுவதற்கு ரொம்ப நாள் ஆனது. அந்த இடம் இன்றைக்கும் வெளுத்துத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நா தூங்கும்போது அந்த லைட்டு எரிஞ்சுகினே இருந்துச்சாக்கா?"

"ஆமா."

"யாரும் பாக்கலியா?"

"பாத்தாங்க. சத்தத்த அமுக்கி வுட்டாங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பாஸ்கர் கதவருகே நின்றுகொண்டிருந்தார், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏழுமலை கதவுப் பக்கம் தலையைத் திருப்பி, "உள்ள யாரோ கீறாங்கன்னு நீ சொன்னியாமே," என்றார் பாஸ்கரிடம். "நாந்தான் மாமு அது."

எனக்கு அப்போது அழுகை வந்தது, மறைக்கவில்லை. பாஸ்கர் சொன்னது பேயைப் பற்றி. ஆனால் அன்று அந்த ஆலையில் சரியான கேள்விக்குப் பக்கத்தில் போனவர் அவர் ஒருவர்தான். நானும் சூப்பர்வைசரும் ட்யூபுக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் பார்த்தோம். நான் ஸ்டோருக்குப் போய், புது ட்யூபுக்காகக் காத்திருந்து, மாட்டி, வாசல்வரை நடந்து திரும்பிய நேரமெல்லாம் ஏழுமலை மேலே படுத்திருந்தார்.

ஏழுமலை இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். பேனலில் எந்த விளக்கு காரணமில்லாமல் எரிந்தாலும், யாரும் கருவியில் கைவைப்பதற்கு முன்னால் அவர் குரல்தான் முதலில் வருமாம், பாஸ்கர் சொன்னார். உங்களில் யாருக்காவது அந்தக் குரல் தொல்லையாக இருந்தால், ஒருநாள் அவர் சட்டையை மாற்றும்போது இடது தோளைப் பாருங்கள். பைத்தியமா, பழுதா என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் கேட்பதை நீங்களும் முதலில் கேளுங்கள்.

"அங்க யாரு கீறாங்க?"